முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் தங்கிவிட்ட இருமல்

ஊரடங்கு முடிந்து பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கிய இரண்டாவது மாதம், டெப்போவின் தவறவிட்ட பொருள் பிரிவில் ஓர் இருமல் பதிவு செய்யப்பட்டது. பதிவேட்டில் அதற்கு முந்தைய வரியில் மூடி இல்லாத டிபன் கேரியர், அடுத்த வரியில் இடது கால் செருப்பு. நடுவே, பொருளின் விவரம் என்ற கட்டத்தில் "இருமல், ஒன்று, ஆண் குரல், வறண்டது" என்றும், வைக்கப்பட்டுள்ள இடம் என்ற கட்டத்தில் "பஸ்ஸிலேயே இருக்கிறது, நகர்த்த முடியவில்லை" என்றும் எழுதியிருக்கிறது. எழுதியவள் அந்தப் பிரிவைப் பத்தொன்பது வருஷமாக ஒற்றை ஆளாகக் கவனித்து வந்தவள். அங்கிருந்த அலமாரிகளில் பாதிக்கு மேல் குடைகளாகவே இருந்ததால் டெப்போவில் டிரைவர் முதல் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் குடையக்கா. அதற்கு முன்பு பல்செட் வந்திருக்கிறது, கல்யாணப் பத்திரிகைக் கட்டு வந்திருக்கிறது, ஒரு தடவை உயிருள்ள வாத்து வந்திருக்கிறது. இருமல் வந்தது அதுதான் முதல் தடவை என்பதால் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதர" என்பதில் சேர்த்தாள்.

இருமல் இருந்தது முப்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில், பின்வாசலுக்கு முந்தின வரிசையில், இடப்பக்கம் சன்னலோரம். ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில்தான் ஆள் உட்காரலாம் என்பது அப்போதைய விதி. அந்தச் சீட்டில் உட்காரக் கூடாது என்று குறுக்கே மஞ்சள் நாடா ஒட்டியிருந்தார்கள். முதல் நாள் அங்கிருந்து சத்தம் கேட்டபோது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நாடா ஒட்டினபடி இருந்தது, ஆள் இல்லை. இரண்டு சின்ன இருமல், ஒரு பெரிய இருமல், கடைசியில் கொதித்த தண்ணீர் அடங்குவது போலச் சன்னமாக ஒரு விசில். பஸ்ஸில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்கள். மீதி இருவரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், இன்னொருவருக்குக் காது கேட்காது.

டெப்போ தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தது. மருந்து அடித்தார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியை வெறும் சீட்டுக்கு நேராகப் பிடித்தார்கள், நல்ல ஆரோக்கியமான மனிதனின் சூடு காட்டியது. சீட்டையே கழற்றிப் புதுசு மாட்டினார்கள், இருமல் புதுச் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. மெக்கானிக்குகள் சைலன்சரைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவைத்துக் காது கொடுத்துக் கேட்டால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. வண்டி ஓடவேண்டும், ஜனம் உட்கார்ந்திருக்கவேண்டும், அப்போதுதான் அது இருமும். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கச் செய்தி பரவி, முப்பத்தொன்று மட்டுமில்லாமல் மற்ற பஸ்களும் காலியாக ஓடின. தலைமை அலுவலகம் சுவரெங்கும் ஒரு படம் ஒட்டியது, மாஸ்க் போட்ட ஒரு குடும்பம் சிரித்தபடி பஸ் ஏறுவதாக. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் சிரித்தது. ஊரில் ஒருத்தரும் அந்தக் கண்ணை நம்பவில்லை. ஜனங்கள் நடந்தார்கள், தெரிந்தவர் சைக்கிளில் தொற்றிக்கொண்டார்கள், போகாமலும் இருந்தார்கள். மூன்று மாதத்தில் ஆள் ஏறாவிட்டால் முப்பத்தொன்றை நிறுத்திவிடுவதாகக் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி வழியாகப் போகிற ஒரே பஸ் அதுதான்.

மேனேஜர் கடிதத்தை எடுத்துக்கொண்டு குடையக்காவின் அறைக்கு வந்தார். "எல்லாம் பண்ணிப் பார்த்தாச்சு. யோசிச்சுப் பார்த்தா, யாரோ விட்டுட்டுப் போனதுதானே இது? அப்ப உங்க பிரிவுதான்" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. குடையக்கா பதிவேட்டில் எழுதிவிட்டு, பொருளை நேரில் சரிபார்ப்பதற்காக மறுநாள் காலை முப்பத்தொன்றில் ஏறினாள். தண்ணீர்த் தொட்டி திருப்பத்தில் அது இருமியது. இந்த இருமலை அவளுக்கு முன்பே தெரியும்.

ஊரடங்குக்கு நான்கு நாள் முன்பு நடந்தது அது. எல்லார் வாயிலும் நோயின் பேராகவே இருந்த வாரம். பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். அவளுக்குப் பக்கத்துச் சன்னலோரத்தில், துணிமூட்டை ஒன்றை மடியில் வைத்திருந்த மனிதர் இருமினார். அடக்கப் பார்த்து மறுபடி இருமினார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மூன்றாம் தடவை இருமினார். குடையக்காவின் மகளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அந்த வாரம் முழுக்க அவள் கதவுக் கைப்பிடியைக்கூட முழங்கையால்தான் திறந்திருந்தாள். "யாரது இருமுறது? வண்டியை நிறுத்துங்க, இறக்கிவிடுங்க அவரை!" என்று முதலில் கத்தியது அவள்தான். பிறகு பஸ்ஸே கத்தியது. கண்டக்டர் விசில் கொடுத்தார். ஸ்டாப் இல்லாத இடத்தில், வெயிலில், அந்த மனிதர் மூட்டையோடு இறங்கினார். அதற்குப் பிறகு இருமவில்லை. அதற்குப் பிந்தைய ஏழு மாதத்தில் அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் அறிவிப்பு எழுதி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒட்டவைத்தாள். முப்பத்தொன்றாம் எண் பஸ்ஸில் ஓர் இருமல் உள்ளது, உரியவர் தக்க அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம், தொண்ணூறு நாள் கெடு. பதினொரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவள் மேஜைக்கு எட்டடி தள்ளி நின்று இருமிக் காட்டினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், முப்பது வருஷம் வகுப்பை அடக்கிய தன் இருமல் காணாமல் போய்விட்டதாகச் சொன்னார். ஓர் அலுவலக உதவியாளர், யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை, லீவு எடுக்க ஓர் இருமல் கிடைத்தால் போதும் என்று வெளிப்படையாகவே கேட்டார். நிறைய பேருக்கு இருமல் மேல் ஆசை கிடையாது, அதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான். ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அவள் ஒவ்வொருவரையும் முப்பத்தொன்றில் ஏற்றிக் கேட்கவைத்தாள். பதினொன்றும் பொருந்தவில்லை. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு வேண்டுமென்றே அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். இதைக் கண்டக்டர் கவனித்து அவளிடம் சொன்னார். மாஸ்க் போட்டுக்கொண்டு விசில் ஊத முடியாததால் அவர் அப்போது டிக்கெட் பெட்டிச் சாவியால் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தார், ஒரு தட்டு நிற்க, இரண்டு தட்டு போக.

பன்னிரண்டாவதாக வந்த பெண் இருமிக் காட்டவில்லை. "இது என்னோடதில்ல. எங்க வீட்டுக்காரரோடதா இருக்கும்னு நினைக்கிறேன்" என்றாள். அடையாளம் கேட்டதற்கு யோசிக்கவே இல்லை. "ரெண்டு சின்னது, ஒரு பெருசு, கடைசியில ஒரு விசில். இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேங்க."

பஸ்ஸில் அது இருமியதும் அவள் எழுந்து அந்தச் சீட்டுக்கு முன்னால் போய் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இங்கதான் உட்கார்ந்திருக்கியா? அங்க மனுஷன் மூச்சு விட முடியாம கிடக்கறாரு, நீ இங்க ஜாலியா ஊர் சுத்திக்கிட்டிருக்கே" என்றாள். பிறகு மாஸ்க்கோடு அழுதாள். இருமல் அதற்கப்புறம் அந்த நடையில் வாய் திறக்கவில்லை.

அவள் புருஷன் மெத்தை தைப்பவர். பஞ்சை உதறி அடிக்கிற தொழில், தூசி நெஞ்சுக்குள் போகும், இருமல் அதை வெளியே தள்ளும், இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் ஓடியிருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளோடு இருமல் நின்றுபோனது. வேலை நிற்கவில்லை, வீட்டில் எல்லாரும் அடைந்து கிடந்த காலத்தில் மெத்தைக்கு நல்ல கிராக்கி. உள்ளே போன பஞ்சு உள்ளேயே தங்கியது. குடையக்கா வீட்டுக்குப் போனபோது அவர் தையல் மெஷினுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையின் எந்தப் பொத்தானும் போடவில்லை, போட முடியாது. நடந்தால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. மனைவி அவர் தோளில் கட்டைவிரலை அழுத்திக் காட்டினாள். தலையணையில் விழுவது போலக் குழி விழுந்து, மெல்ல மெல்ல நிரம்பியது. டாக்டர் இரண்டு தடவை தொற்றுப் பரிசோதனை செய்துபார்த்து, நோய் எதுவும் இல்லை, இருமினால் சரியாகிவிடும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"அன்னைக்கு பஸ்ல உங்களை இறக்கிவிடச் சொன்னது நான்தான்" என்றாள் குடையக்கா, வாசலில் நின்றபடியே.

"தெரியும். 'வீட்ல யாரு'ன்னு குரல் கொடுத்தீங்களே, அப்பவே தெரிஞ்சுடுச்சு" என்றார் அவர். ஒவ்வொரு வார்த்தையும் துணி சுற்றி வைத்தது போல வந்தது. பிறகு, "அப்புறம் அந்த சீட்ல யார் உட்கார்ந்தா?" என்று கேட்டார்.

"யாருமே உட்காரல. நானும் எழுந்துட்டேன். அவ்வளவு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் நசுங்கிக்கிட்டு நின்னோம், அந்த ரெண்டு சீட்டு மட்டும் காலியா வந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நெஞ்சில் சிக்கிக்கொண்டது. இருமலை வந்து வாங்கிக்கொள்ளும்படி அவள் கேட்டாள். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். "வாங்கினா இருமுவேன். இருமினா இறக்கிவிடுவாங்க. அதுக்கு இப்படியே இருந்துட்டுப் போறேன். மூச்சு ஏதோ ஓடிக்கிட்டிருக்கு."

"எங்க ஓடுது? நடக்குது. படுத்தா அதுவும் உட்கார்ந்துக்குது" என்றாள் மனைவி.

இருமலை அவரிடம் கொண்டுபோகவும் முயன்று பார்த்தார்கள். குடையக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு பஸ்ஸில் போய், அது இருமிய நொடியில் மூடினாள். படிக்கட்டு வரை டின் கனமாக இருந்தது, கால் தரையில் பட்டதும் லேசாகிவிட்டது. ஒருவழியாக மனைவி பேசிப் பேசிக் கரைத்து, மெத்தைக்காரரை டெப்போவுக்கு அழைத்து வந்தாள். ஆளே இல்லாத பஸ்ஸில் அவரை அந்தச் சன்னலோரத்தில் உட்காரவைத்து, டிரைவரும் கண்டக்டரும் மேனேஜரும் ஏறிக்கொண்டு, டெப்போவை ஆறு சுற்று சுற்றினார்கள். இருமல் வரவில்லை. "நம்மளை அது ஜனமாவே மதிக்கல சார்" என்றார் கண்டக்டர். மனைவிதான் விஷயத்தைச் சரியாகப் பிடித்தாள். "டிக்கெட் வாங்கின ஜனத்துக்கு முன்னாடி அவமானப்பட்டது. அவங்க முன்னாடிதான் திரும்பி வரும்."

குடையக்கா அன்றைக்குப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வந்துபோன பதினொரு பேருக்கும் போன் செய்தாள். எதையும் மறைக்கவில்லை. அவர் யார், தான் செய்தது என்ன, இருமல் எப்படித் தங்கியது, பரிசோதனையில் என்ன வந்தது, எல்லாவற்றையும் பதினொரு தடவை சொன்னாள். ஏழாவது போனில் அவள் குரல் கம்மிவிட்டது. ஆசையாகத்தான் இருக்கிறது, வீட்டில் விடமாட்டார்கள் என்றார்கள் இரண்டு பேர். ஒன்பது பேர் வருகிறேன் என்றார்கள். தலைமையாசிரியர், சன்னல்கள் எல்லாம் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நியாயமான நிபந்தனை. மெக்கானிக்குகள் துருப்பிடித்து இறுகியிருந்த சன்னல்களையும் எண்ணெய் விட்டுத் திறந்துவைத்தார்கள்.

திங்கள்கிழமை காலை ஒன்பது மணி நடையில் மெத்தைக்காரர் மனைவியோடு ஏறினார், பின்னாலேயே குடையக்கா. மஞ்சள் நாடாவைக் கண்டக்டர் பிய்த்துப் போட்டார். ஒன்பது பேரும் இடம் விட்டு இடம் விட்டு உட்கார்ந்து, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஸ்டாப் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஸ்டாப்பில், விஷயம் எதுவும் தெரியாத ஒரு பெண் ஏறினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், வழக்கமாக நடந்து போகிறவள், அன்று செருப்பு அறுந்துவிட்டதால் ஏறியிருந்தாள். பஸ் நகர்ந்தது. தண்ணீர்த் தொட்டி திருப்பத்தில் மெத்தைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு சின்னது, ஒரு பெரிசு, ஒரு விசில். இந்தத் தடவை அது வெறும் சீட்டிலிருந்து வரவில்லை, அவர் தொண்டையிலிருந்து வந்தது. மாஸ்க்கின் ஓரத்தில் ஒரு பொட்டுப் பஞ்சு எட்டிப் பார்த்தது.

"யாரது இருமுறது? வண்டியை நிறுத்துங்க, இறக்கிவிடுங்க அவரை!"

சொல் ஒன்றுகூட மாறவில்லை. குடையக்காவுக்கு ஒரு கணம் தானே கத்திவிட்டோமோ என்று சந்தேகம் வந்து கை தானாக வாய்க்குப் போனது. கத்தியது அந்தக் கண்ணாடிக் கடைப் பெண். கண்டக்டரின் சாவி பழக்கத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டது, டிரைவர் நிறுத்திவிட்டார். மெத்தைக்காரர் எழுந்து வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். மனைவி அவர் சட்டையைப் பின்னால் பிடித்தாள். ஒன்பது பேரும் அவருக்கு வழிவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

குடையக்கா வாசலை மறித்து நின்றாள். "அவர் இறங்க மாட்டாரும்மா" என்றாள். "நீ பயப்படுறது தப்பில்ல. நானும் இதே வண்டியில பயந்து இவரை இறக்கிவிட்டவதான். இது பஞ்சு இருமல். மெத்தை தைக்கிறவரு. டெஸ்ட் எடுத்த காகிதம் இருக்கு, படிச்சுப் பாரு. அப்புறமும் பயமா இருந்தா உனக்காக வண்டியை நிறுத்தி வைக்கிறேன், நீ இறங்கிக்கோ, அடுத்த பஸ் வர்ற வரைக்கும் நானும் உன்கூட நிக்கறேன்."

"எங்கப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி இருபது நாள்தான் ஆகுது" என்றாள் அந்தப் பெண். "நான் எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோனா அவ்வளவுதான்."

"படி முதல்ல."

கண்டக்டர் காகிதத்தைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துக் காட்டினார். அவள் முதல் வரியிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை படித்தாள். "இது போன வாரத் தேதி" என்றாள். மனைவி முந்தாநாள் எடுத்த இன்னொன்றை நீட்டினாள். அதையும் படித்தாள். "பஞ்சுங்கறீங்களே, எங்க?" என்றாள். மெத்தைக்காரர் மாஸ்க் ஓரத்திலிருந்ததை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அவள் தொடவில்லை. கண்ணாடிக் கடையில் கீறல் பார்க்கிற மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டிருந்தார். பிறகு அவள் எழுந்து போய், டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்து, தன் சன்னலை இன்னும் ஓர் அங்குலம் தள்ளித் திறந்தாள்.

"கிளம்பச் சொல்லுங்க. நான்தான் கடை திறக்கணும்" என்றாள்.

கண்டக்டர் இரண்டு தட்டு தட்டினார். மெத்தைக்காரர் போய் சன்னலோரத்தில் உட்கார்ந்து தலையை வெளிப்பக்கம் திருப்பி, இருமத் தொடங்கினார். ஆறு ஸ்டாப் இருமினார். பஞ்சு முதலில் இழை இழையாக வந்தது, பிறகு கைப்பிடி கைப்பிடியாக, ஆஸ்பத்திரியைத் தாண்டியதும் மெத்தையைப் பிரித்துக் கொட்டியது போல வந்தது. காற்றில் அது பின்பக்கமாகப் பறந்து மின்கம்பிகளிலும் கடைப் பலகைகளிலும் ஒட்டியது. பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் வெள்ளையாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே விழுந்ததைப் பெருக்கி எடுத்தபோது இரண்டு தலையணைக்குத் தேறியது. ஏழாவது ஸ்டாப்பில் மனைவி அவர் தோளில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள். எலும்பு தட்டியது. அவர் முதல் பொத்தானைப் போட்டார். பிறகு குடையக்கா நீட்டிய பதிவேட்டில், "பொருளை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "போன் பண்ணிப் பண்ணித் தொண்டை கட்டிடுச்சு போலிருக்கே, வெந்நீர் குடிங்க" என்று அவர் முந்திக்கொண்டார்.

கண்ணாடிக் கடைப் பெண் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. படிக்கட்டில் நின்று கண்டக்டரிடம் மட்டும் கேட்டாள். "நாளைக்கும் இதே நேரத்துக்குத்தானே வரும்?" ஆமாம் என்றார். மறுநாள் அவள் நின்றிருந்தாள், புதுச் செருப்போடு, அதே முதல் சீட்டுக்கு. அவள் ஏறியதைப் பார்த்து அவள் தெருக்காரர் ஒருவர் ஏறினார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். தலைமையாசிரியர் நடந்ததை நடந்தபடி, நடுநடுவே தன்னைச் சேர்த்து, ஊரெல்லாம் சொல்லிவந்தார். இருமினால் என்ன நடக்கும் என்பது அந்த பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சன்னல் திறக்கும், காகிதம் கேட்கப்படும், யாராவது இடம் மாறி உட்காருவார்கள், வண்டி போய்க்கொண்டிருக்கும். தலைமை அலுவலகத்தின் கடிதத்துக்கு மேனேஜர் பதில் எழுதவேண்டிய தேவையே வரவில்லை. நோய் இரண்டு தடவை திரும்பி வந்து போனது. கண்ணாடிக் கடைப் பெண்ணின் அப்பா தேறி எழுந்து, தானே பஸ் ஏறிப் பரிசோதனைக்குப் போய்வந்தார். குடையக்காவின் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போனாள், முப்பத்தொன்றில்தான்.

இருமல் உரியவரிடம் சேர்ந்த அந்த வருஷ மழைக்குப் பிறகு, பின்வாசலுக்கு முந்தின வரிசை இடப்பக்கச் சன்னலின் இடுக்கில் ஒரு செடி முளைத்தது. பஞ்சோடு ஒரு விதையும் வந்திருக்கவேண்டும். கண்டக்டர் குடிக்கிற தண்ணீரில் மீதியை ஊற்றினார், பக்கத்தில் உட்காருகிறவர்கள் இலை நசுங்காமல் சன்னலை இழுத்துவிடப் பழகினார்கள். அது முழங்கை உயரம் வளர்ந்து, வண்டி ஓட ஓட மஞ்சளாகப் பூத்து, காய் வெடித்தது. பஸ்ஸுக்கு வருஷாந்திரத் தகுதிச் சோதனை செய்ய வந்த அதிகாரி பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், செடியைச் சுற்றி நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு படிவத்தில், "இடப்பக்கச் சன்னலில் பருத்திச் செடி ஒன்று. காய்ப்பு நன்று. ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை" என்று எழுதி முத்திரை குத்தினார்.